பலகையை மறைத்து நிற்பவர்

புதுச்சேரி தாவரவியல் பூங்காவுக்கு நீங்கள் போயிருந்தால், எந்தக் கணக்கெடுப்பிலும் வராத ஓர் உயிரினத்தை அங்கே பார்த்திருப்பீர்கள். அதற்கு விளக்குநர் என்று பெயர். அறுபதைத் தாண்டியது, காலில் வெள்ளை கேன்வாஸ் ஷூ, கையில் சுருட்டிய நாளிதழ். காலை நடைக்கு வந்ததாகச் சொல்லும். நடக்காது. மரத்துக்கு மரம் நிற்கும். நீங்கள் வரும்வரை நிற்கும்.

நான் முதன்முதலில் இதனிடம் மாட்டியது பட்டச் சான்றிதழ் வாங்கிய அன்று. எங்கள் வம்சத்தில் அதற்கு முன்னால் யாரும் அப்படியொரு காகிதத்தைத் தொட்டதில்லை என்பதால், ஊர் போய்ச் சேருவதற்குள் கசங்கிவிடுமோ என்று பயந்து, ஒரு கடையில் லேமினேஷன் போட்டு மடியில் வைத்துக்கொண்டு மரநிழலில் உட்கார்ந்திருந்தேன்.

"தம்பி, சர்ட்டிபிகேட்ட லேமினேஷன் பண்ணவே கூடாது, தெரியுமா?"

"பண்ணிட்டேனே சார்."

"அதான் சொல்றேன், பண்ணக் கூடாது."

அதற்குப் பிறகு நான் சாய்ந்திருந்த மரத்தின் வரலாறு. முக்கால் மணி நேரம். கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ் போய்விட்டது.

அவர் பெயர் கிறிஸ்துதாஸ். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் ரீடிங் எடுத்து ஓய்வு பெற்றவர். பிறகு நான் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்தபோது, பக்கத்து மிஷினில் நின்ற ஜோசப் ஆனந்துக்கு அவர் சொந்தத் தாய்மாமன் என்று தெரிந்தது. புதுச்சேரி அவ்வளவுதான் ஊர்.

விளக்குநரின் தொழில் ரகசியத்தை இங்கே உடைத்துவிடுகிறேன். மரத்தில் பெயர்ப்பலகை இருக்கிறதல்லவா? உங்களைவிட அரை அடி முன்னால் அவர் அங்கே போய்விடுவார். ஒரே ஒரு ஓரப்பார்வை. முப்பது வருஷம் இருட்டு மாடிப்படிக்கடியில் மீட்டர் எண்ணைப் படித்த கண்ணுக்கு அது போதும். உடனே திரும்பிப் பலகைக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டு, "இது என்ன மரம், சொல்லுங்க பாப்போம்?" என்பார். நீங்கள் இடப்பக்கம் எட்டிப் பார்த்தால் அவரும் இடப்பக்கம் சாய்வார். வலப்பக்கம் என்றால் வலப்பக்கம். நீங்கள் தோற்றபிறகு, படித்ததையே கொஞ்சம் காற்றடித்துப் பெரிதாக்கித் தருவார். பூங்காவை "ழார்தேன் பொத்தனிக்" என்று பிரெஞ்சில்தான் சொல்வார். "பிரெஞ்சுக்காரன் காலத்துல இங்க எப்படி இருந்துச்சு தெரியுமா!" என்று பெருமூச்சு விடுவார். பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறி நாலு வருஷம் கழித்துத்தான் அவர் பிறந்தார். கேட்டுவிடாதீர்கள். அதற்கும் விளக்கம் இருக்கிறது.

இப்படிப்பட்டவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஒருவன் பெண் பார்க்கப் போகலாமா?

ஜோசப் ஆனந்த் போனான். அவன் அழைக்கவில்லை, அவர் வந்தார். இங்கே பல வீடுகளில் முதல் சந்திப்பைப் பூங்காவில் வைத்துக்கொள்வார்கள். வீட்டில் வைத்தால், அமையாமல் போனாலும் தெருவுக்கே தெரிந்துவிடும். பூங்காவில் என்றால் மரத்துக்கு மட்டும்தான் தெரியும். பையன் பக்கம் ஒரு பெரியவர், பெண் பக்கம் ஒரு பெரியவர், தள்ளி உட்கார்ந்துகொள்வார்கள். இருவரும் கொஞ்ச நேரம் பேசலாம். சாயங்காலத்துக்குள் பதில் சொல்லிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்து ஒன்பதரைக்கு வந்துவிட்டார்கள். பெண் ஜூலி, கதிர்காமம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பன்னிரண்டு மணிக்கு டியூட்டி என்பதால் பதினொன்றுக்கு பஸ் பிடித்தாக வேண்டும். அவளோடு வந்த சித்தி இருதயமேரி முறைப்படி ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்க்கத் தொடங்கினாள். நம் ஆள் உட்காரவில்லை.

ஜோசப் ஆனந்துக்கு ஒரு சிக்கல் இருந்தது. அவன் அம்மா பெண் வீட்டில் "கம்பெனியில பர்மனென்ட்டு" என்று சொல்லிவைத்திருந்தாள். அவன் மூன்று வருஷமாகக் கான்ட்ராக்ட். அதை அவளிடம் தன் வாயால் சொல்லிவிட வேண்டும், மறைத்துச் சம்மதம் வாங்கினால் பிறகு காலம் பூராவும் அந்த முகத்தைப் பார்க்க முடியாது என்று ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தான். அதற்கு வேண்டியது ஐந்தே நிமிடம்.

"ஜூலி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"ஒண்ணு இல்லடா ஆனந்த், இதுல மூணு வகை இருக்கு!" என்றார் மாமா, நடுவில் புகுந்து. "ஜூலிம்மா, இது என்ன மரம் சொல்லு பாப்போம்?"

"தெரியல அங்கிள்."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள், பாருங்கள்! மாமாவின் முகம் மலர்ந்தது. இருபது நிமிடம் போயிற்று.

அடுத்து கல்மரத் துண்டு. மரம் கல்லாக மாற இருபது லட்சம் வருஷம் ஆனது என்றார். ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்தபோது அது இரண்டு கோடி ஆகியிருந்தது. பொம்மை ரயில் தண்டவாளத்தருகே ஜோசப் ஆனந்த் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "மாமா, நீங்க வேணா ஒரு காபி குடிச்சிட்டு வாங்களேன்" என்றான்.

"காபியா? காபிச் செடி எப்படி நம்ம நாட்டுக்கு வந்துச்சு தெரியுமா?"

பத்தே முக்கால்.

வேலி ஓரம் ஒரு மரம் நின்றது. 'தானே' என்ற புயலில் பாதி சாய்ந்து, சாய்ந்த இடத்திலிருந்தே மறுபடி நிமிர்ந்து வளர்ந்த மரம். சாம்பல் நிறப் பட்டை. உள்ளங்கை அகல இலை. உச்சியில் கொத்துக் கொத்தாகப் பழுப்புக் காய்கள். பலகை இருந்த இடத்தில் துருப்பிடித்த இரண்டு ஆணிகள்தான் மிச்சம்.

ஜூலி நின்றாள். "அங்கிள், இது என்ன மரம்?"

அன்று காலை முதல் முறையாகப் பறவைச் சத்தம் கேட்டது. மாமா மரத்தைச் சுற்றி வந்தார். கீழே கிடந்த இலையை எடுத்துக் கசக்கி முகர்ந்தார்.

"இதுவா... இது வந்து..."

"தெரியலன்னா பரவால்ல, விடுங்க அங்கிள்."

"தெரியாம என்னம்மா! உறுதிப்படுத்திக்கிட்டு வந்துர்றேன், இரு!" என்று சொல்லி, ஓய்வுபெற்ற பிறகு முதல் தடவையாக, அவர் நிஜமாகவே நடந்தார். ஓடினார் என்றே சொல்லலாம்.

ஜோசப் ஆனந்த் பேச மறந்து அவர் போன திசையையே பார்த்தான்.

"வார்டுல இவர மாதிரி நெறைய பேரு," என்றாள் ஜூலி. "பேஷன்ட்டப் பாக்க வந்துட்டு டாக்டருக்கே வைத்தியம் சொல்லுவாங்க. பேரு அழிஞ்ச மாத்திரை ஒண்ணக் காட்டி, இது என்னா சார்னு கேட்டுருவோம். அரை மணி நேரத்துக்கு ஆளு வர மாட்டாரு. சொல்லுங்க. காலைல இருந்து நாலு தடவ வாயத் தொறந்தீங்க."

"நான் பர்மனென்ட் இல்ல. கான்ட்ராக்ட். அம்மா சொன்னது பொய்யி."

அவள் ஆணியிலிருந்த துருவை நகத்தால் சுரண்டினாள். முடிந்தது கதை என்று அவன் நினைத்தான்.

"எங்க வீட்டுல என்னப் பத்தி என்னா சொன்னாங்க?"

"கவர்மெண்டு நர்ஸுன்னு."

"ஆஸ்பத்திரிதான் கவர்மெண்டு," என்றாள் ஜூலி. "நான் கான்ட்ராக்ட்டு. அதச் சொல்லத்தான் அவர அனுப்புனேன்."

இருவரும் சிரித்த சிரிப்பில் இருதயமேரி பெஞ்சிலிருந்து திரும்பிப் பார்த்தாள். "என்னாடி அங்க?"

"ஒண்ணுமில்ல சித்தி. மரத்தப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கோம்."

அதற்குள் மாமா பாத்திகளுக்கு நடுவே தோட்டக்காரர் அம்மாவாசையைப் பிடித்திருந்தார். "எனக்குத் தெரியாது சார். நான் தண்ணி ஊத்துறவன், பேரு வெச்சவன் இல்ல" என்று சொல்லிவிட்டு அவர் குழாயைத் தூக்கிக்கொண்டு அடுத்த பாத்திக்குப் போய்விட்டார். இரண்டு நண்பர்களுக்குப் போன் போட்டார் மாமா. ஒருவர் எடுக்கவில்லை. எடுத்தவரும் விளக்குநர். அவர் வேறு மரத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டார். கடைசியில், பதினொன்றுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில், வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்து, மூச்சு வாங்கியபடி தீர்ப்புச் சொன்னார்:

"ஆப்பிரிக்க மரம்!"

இந்த இனத்துக்கு ஒரு சட்டம் உண்டு. பெயர் தெரியாத மரமெல்லாம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. பெயர் தெரியாத பறவையெல்லாம் சைபீரியாவிலிருந்து வந்தது. அவற்றைத் திருப்பி அனுப்பவும் முடியாது, விசாரிக்கவும் முடியாது.

சாயங்காலம் இரண்டு வீட்டிலும் இருவரும் உண்மையைப் போட்டு உடைத்தார்கள். இரண்டு அம்மாக்களும் கொதித்தார்கள். ஆனால் அடுத்த வீட்டைத் திட்ட வாயெடுத்தால் தன் வீட்டுப் பொய் முதலில் வந்து நின்றது. வேறு வழியில்லாமல் சம்மதித்தார்கள். கல்யாண விருந்தில் கிறிஸ்துதாஸ் மாமா பந்திக்குப் பந்தி போய், "நான்தான் அந்த ஆப்பிரிக்க மரத்தடிக்குக் கூட்டிட்டுப் போயி, ரெண்டு பேரையும் தனியா விட்டேன். அதுக்கெல்லாம் ஒரு அனுபவம் வேணும்" என்று விளக்கினார். என் இலைக்கு முன்னால் மட்டும் இரண்டு முறை.

ஜோசப் ஆனந்தும் ஜூலியும் இப்போது கதிர்காமத்தில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். இருவரும் இன்னும் கான்ட்ராக்ட்தான்.

நீங்களோ இவ்வளவு நேரம் மாமாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். நல்லது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். சாம்பல் பட்டை, உள்ளங்கை அகல இலை, பழுப்புக் காய் என்று படித்த உடனே, அது என்ன மரம் என்று மனசுக்குள் ஒரு பெயர் சொன்னீர்களா இல்லையா? பக்கத்தில் இருப்பவரிடம், "இந்த ஆளுக்கு இதுகூடத் தெரியல பாரு" என்று வாயெடுத்தீர்களா இல்லையா?

கிறிஸ்துதாஸ் மாமா ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்குப் பூங்கா வாசலுக்கு வந்துவிடுகிறார். முதல் மரத்தின் பலகைக்கு முன்னால் நிற்கிறார். பக்கத்தில் இன்னும் ஓர் ஆள் நிற்க இடமிருக்கிறது.