மருமகளுக்கு நைட் ஹால்ட் இல்லாத விமானம்

சிதம்பரம்,
17.02.2011, வியாழன்

அன்பு மச்சான் வைத்திலிங்கத்துக்கு,

சிதம்பரத்திலிருந்து உன் மாமா தட்சிணாமூர்த்தி எழுதிக்கொள்வது. தில்லைக் கூத்தன் தயவில் இங்கே நான், உன் அக்கா அமிர்தம், மகன் செல்வன், மருமகள் இளமதி நால்வரும் சுகம். அங்கே திட்டக்குடியில் நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். கரும்பு வெட்டு முடிந்ததா, ஆள் கிடைத்ததா என்றெல்லாம் பிறகு சாவகாசமாகக் கேட்கிறேன். இப்போது என் வீடு பற்றி எரிகிறது. பதறாதே, நெருப்பு இல்லை, பேச்சுதான். போனில் சொல்லியிருப்பேன். ஆனால் நான் போனைக் காதில் வைத்தால் போதும், "தம்பியா? குடுங்க இப்பிடி" என்று உன் அக்கா பிடுங்கிக்கொள்வாள், பிறகு என் கட்சியை யார் சொல்வது? அதனால்தான் கடிதம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றுக்கும் நீதான் காரணம். "மாமா, பொண்ணு டெல்லில ஏரோப்ளேன் ஓட்டுது, ஆனா தங்கமான பொண்ணு" என்று இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவன் நீ. 'ஆனா' என்று ஏன் சொன்னாய் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக ஆயுசையே கழித்தவன் நான், வண்டி ஓட்டுகிறவர்கள் என்றால் எனக்குத் தனி மரியாதை, அதிலும் ஆகாயத்தில் ஓட்டுகிற பெண் என்றால் கேட்க வேண்டுமா, உடனே சரி என்றேன். அப்போது செல்வனும் டெல்லியில்தான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். கல்யாணமான மறு வருஷமே அவனுக்கு இங்கே கல்லூரியில் வேலை கிடைத்தது. வேலை என்னவென்றால், பிச்சாவரத்துச் சேற்றில் இறங்கி நண்டு பார்ப்பது. அதற்கு இவ்வளவு படிப்பா என்று கேட்காதே, நானே கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவனுக்காக இந்தப் பெண் டெல்லி வேலையை ராஜினாமா செய்துவிட்டு மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டது. "ஏம்மா, அவன் அங்கேயே ஒரு வேலை பாத்துக்கக் கூடாதா?" என்றேன். "நண்டு டெல்லிக்கு வராது மாமா, நான்தான் வரணும்" என்றது. இப்படிச் சொல்கிற மருமகள் யாருக்குக் கிடைப்பாள், சொல்லு!

வந்து வீட்டில் உட்கார்ந்ததில்தான் வினை ஆரம்பம். விமானம் ஓட்டத் தெரிந்த கைக்குக் கரண்டி பிடிக்க வரவில்லை. ஒருநாள் அது வைத்த சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டுச் செல்வன், "ரொம்ப நல்லாயிருக்கு" என்று சொன்ன வேகத்தில் எனக்கு விக்கல் வந்துவிட்டது. பிறகு அமிர்தம் அதை அடுப்படியில் விடுவதில்லை, மாடியில் வடகம் காய வைக்க அனுப்பிவிடுவாள். அங்கேதான் நான் பார்த்தேன் மச்சான். மேலே எங்கோ ஒரு விமானச் சத்தம் கேட்கும். இது வடகத்தை அப்படியே விட்டுவிட்டு அண்ணாந்து பார்க்கும். "அது சிங்கப்பூர் போவுது மாமா, இன்னிக்கி லேட்டு" என்று சொல்லும். அது மறைகிறவரைக்கும் பார்த்துக்கொண்டே நிற்கும், காக்காய் வந்து வடகத்தைத் தின்றுகொண்டிருக்கும். ரிடையரான பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கம் போகும்போதெல்லாம் நானும் அப்படித்தானே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்! அன்றைக்கே செல்வனைக் கூப்பிட்டு, "டேய், நண்டப் பாத்தது போதும், ஒம் பொண்டாட்டி மொகத்தப் பாருடா" என்றேன். அவன் ஏற்கெனவே பார்த்து, இரண்டு கம்பெனிக்கு மனுப் போடச் சொல்லியிருந்தானாம். எனக்குத்தான் தெரியவில்லை.

இரண்டு இடத்திலிருந்தும் ஒரே வாரத்தில் பதில் வந்துவிட்டது. ஒன்று வளைகுடாவில், மாடி வீடு மாதிரி பெரிய விமானம், வேலைக்கு வா என்று ஆர்டரே அனுப்பிவிட்டான். இன்னொன்று சென்னையில், விசிறி வைத்த குட்டி விமானம், மதுரை, திருச்சி, தூத்துக்குடி என்று ஓடுவது, நேரில் வா என்று கூப்பிட்டிருந்தான். வளைகுடாக்காரனுக்குத் திங்கட்கிழமைக்குள் சம்மதம் சொல்லியாக வேண்டும்.

நான் உட்கார்ந்து ரூட்டைப் பிரித்துப் பார்த்தேன். எந்த ரூட்டானாலும் முதலில் கேட்க வேண்டியது, நைட் ஹால்ட் உண்டா, அதாவது ராத்திரி வெளியூரில் தங்க வேண்டுமா என்பதுதானே? வளைகுடா என்றால் வருஷம் பூராவும் நைட் ஹால்ட். செல்வன் போக முடியாது, பாலைவனத்தில் அவனுக்கு எங்கே சேறு இருக்கிறது? சென்னை அப்படியில்லை. காலையில் மதுரைக்கு ஒரு சிங்கிள், திரும்ப ஒரு சிங்கிள், மத்தியானம் திருச்சி, சாயங்காலம் பஸ் ஏறினால் ராத்திரி சிதம்பரத்தில் சுடச்சுடச் சோறு. இதை நான் எடுத்துச் சொன்னதும் உன் அக்கா தோசைத் திருப்பியோடு வெளியே வந்தாள். "எட்டு ஊரு தாண்டிப் பெரிய வண்டி ஓட்டப் படிச்ச பொண்ண மினிபஸ் ஓட்டச் சொல்றீங்களா? நல்லாருக்கு ஒங்க நாயம்! அது வளைகுடாவுக்கே போவட்டும்" என்றாள். அன்றையிலிருந்து வீடு இரண்டு கட்சி. செல்வனைக் கேட்டால், "அவ இஷ்டம்ப்பா" என்கிறான். இளமதியைக் கேட்டால், "யோசிச்சிட்டுச் சொல்றேன் மாமா" என்று மாடிக்குப் போய்விடுகிறது. டீக்கடையில் நம்ம பழைய டிரைவர் சிங்காரத்தைக் கேட்டேன். "ரெண்டுமே வேணாம் சார், ஹாரன் இல்லாத வண்டிய நான் தொடவே மாட்டேன்" என்றுவிட்டான்.

இனிமேல்தான் மச்சான் கூத்து. நம்ம டிப்போவில் ஒரு வழக்கம் உண்டு, உனக்கே தெரியும். புது ரூட்டு எடுக்கிறவன் ஒருநாள் முன்னாடியே போய் வண்டியைச் சுற்றி வந்து பார்ப்பான், டயரைத் தட்டுவான், எஞ்சின் சத்தத்தைக் கேட்பான். விமானத்துக்கு மட்டும் என்ன விதிவிலக்கு? போன செவ்வாய்க்கிழமை இளமதி அந்தச் சென்னைக் கம்பெனிக்கு நேர்காணலுக்குப் போனது. பண்ருட்டியில் ஒரு கல்யாணம் என்று செல்வனிடம் புளுகிவிட்டு நானும் அமிர்தமும் அடுத்த பஸ்ஸிலேயே சென்னைக்குக் கிளம்பிவிட்டோம். வளைகுடாக் கட்சிக்காரி எதற்கு வந்தாள் என்கிறாயா? "எந்த வண்டியானாலும் ஓட்டப் போறது நம்ம பொண்ணு" என்றாள். கையில் புளிச்சோற்றுத் தூக்கு, மஞ்சள் பையில் எலுமிச்சம்பழம். என் கழுத்தில், செல்வன் பிச்சாவரத்தில் தூரத்துப் பறவைகளைப் பார்க்க வைத்திருக்கிற பைனாகுலர்.

விமான நிலையத்துச் சுவரோரம் ஒரு மேடாகப் பார்த்து ஏறி நின்றேன். விசிறி வைத்த விமானம் ஒன்று தெரிந்தது. நான் பைனாகுலரில் டயரைப் பார்க்க, அமிர்தம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "தேஞ்சிருக்கா, தேஞ்சிருக்கா?" என்று கேட்க, பின்னாலே ஜீப் வந்து நின்றதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. கூட்டிக்கொண்டுபோய் ஒரு அறையில் உட்கார வைத்தார்கள். ஓர் அதிகாரி வந்தார்.

"யாருங்க நீங்க? சுவரோரமா ஏறி நின்னு என்ன பண்றீங்க?"

"வண்டி பாக்க வந்தோங்க."

"எந்த வண்டி?"

"அந்தச் சின்ன வண்டிங்க, வெசிறி வச்சது. டயரு எப்பிடியிருக்குன்னு..."

அவர் என்னைப் பார்த்தார், பைனாகுலரைப் பார்த்தார், தூக்கைத் திறக்கச் சொன்னார். புளிச்சோறு. பையைத் திறக்கச் சொன்னார். எலுமிச்சம்பழம். நான் வாயைத் திறக்குமுன் உன் அக்கா முந்திக்கொண்டு, "தம்பி, ஒண்ணும் தப்பா நெனக்காதீங்க, முன் சக்கரத்துக்கு அடியில ஆளுக்கு ஒண்ணா வச்சிட்டுப் போயிடறோம், ஏத்தி நசுக்கிட்டாப் போதும்" என்றாள். அந்த மனுஷன் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரை விசாரித்திருப்பார், விமானத்தை நசுக்கச் சொன்னவளை இப்போதுதான் பார்க்கிறார். நசுக்கச் சொன்னது பழத்தை என்று விளக்குவதற்குள் எனக்கு வேர்த்து ஊற்றிவிட்டது.

கடைசியில் இளமதி நம்பரைக் கொடுத்தேன். வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பேன்ட்டுமாக, கையில் ஃபைலோடு ஓடி வந்தது. நேர்காணலைக் கெடுத்துவிட்டோமே என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது எங்களைப் பார்த்தது, எலுமிச்சம்பழத்தைப் பார்த்தது, அப்படியே சுவரில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தது பார், கண்ணில் தண்ணீர் வருகிறவரைக்கும் சிரிப்பு. "சார், இவுங்க எங்க மாமா, அத்தை. நான் ஓட்டப் போற வண்டி கண்டிஷன் பாக்க வந்திருக்காங்க" என்றது. அதிகாரியும் சிரித்துவிட்டார். எழுதி வாங்கிக்கொண்டு, இனிமேல் சுவர் பக்கம் வரக் கூடாது என்று சொல்லி, புளிச்சோற்றில் ஒரு கை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் அனுப்பினார். பழத்தை மட்டும் திருப்பித் தரவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இளமதி என் பக்கத்தில்தான் உட்கார்ந்தது. நேர்காணல் நல்லபடியாக முடிந்துவிட்டதாம், அங்கேயும் எடுத்துக்கொண்டார்களாம். பஸ் திண்டிவனம் தாண்டியது. பிறகு, "டெல்லில வேலைக்குச் சேந்தப்ப எங்க வீட்லேந்து யாரும் வந்து பாக்கல மாமா. எல்லாருக்கும் பயம், கோவம். நீங்க டயர் பாக்க வந்திருக்கீங்க" என்றது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "டயர் எப்பிடியிருந்துச்சி?" என்று கேட்டது. "தேயலம்மா, நல்லாருக்கு" என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

ஆகவே மச்சான், விஷயத்துக்கு வருகிறேன். உன் பேச்சென்றால் இளமதிக்கு மதிப்பு. "கேப்டன்" என்று நீ கூப்பிட்டால் முகமெல்லாம் பல்லாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸிலேயே கிளம்பி வந்து, சென்னைதான் நல்லது, வளைகுடா வேண்டாம் என்று பக்குவமாக எடுத்துச் சொல். அக்காவுக்கு உப்புக்கண்டம் ஏதாவது கொண்டுவந்தால் அவள் வாயும் அடையும். வெளியே சிறிசுகளுக்காகப் பேசுகிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, அந்தப் பிள்ளை இல்லாமல் இந்த வீட்டில் என்னால் இருக்க முடியாது. வீடு கலையாமல் நாலு பேரும் ஒரே கூரைக்குக் கீழே இருக்க வேண்டும், எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

தங்கச்சிக்கு என் விசாரிப்பும், பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதமும், நன்றாகப் படிக்கச் சொல்லி ஒரு அதட்டலும்.

இப்படிக்கு,
உன் வரவை வாசலில் நின்று பார்க்கும்
மாமா தட்சிணாமூர்த்தி

பி.கு.: வெள்ளிக்கிழமை காலை. தபால்பெட்டிக்குக் கிளம்பிய கடிதத்தைத் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். காப்பி குடிக்கும்போது இளமதி, "சென்னைக்கே சரின்னு சொல்லிட்டேன் மாமா. இங்கதான் சீக்கிரம் கேப்டன் ஆவலாம், வாரக் கடைசில செல்வனும் வந்துடலாம்" என்றது. செல்வன் எதற்கு வர வேண்டும், நீதான் தினமும் ராத்திரி வந்துவிடுவாயே என்றேன். அது டூட்டி விவரத்தைச் சொன்னது. விடியுமுன்னே விமானம், வாரத்தில் பாதி நாள் தூத்துக்குடியில் நைட் ஹால்ட், குடியிருப்பது பல்லாவரத்தில். நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். அதற்குள் உன் அக்கா, "சமைக்கத் தெரியாத பொண்ணு அங்க தனியா என்னா பண்ணும்? நான் போறேன்" என்று புடவைகளை எடுத்து அடுக்க ஆரம்பித்துவிட்டாள். "அப்ப நானு?" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "நெய்வேலி, விருத்தாசலம், பண்ருட்டின்னு ஒங்கள மாத்துனப்பல்லாம் பொட்டியத் தூக்கிட்டுப் பின்னாடியே வந்தேனா இல்லியா? இப்ப எனக்கு மாத்தல் வந்திருக்கு. வர்றதுன்னா வாங்க."

என்ன செய்வது, நானும் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறேன். செல்வன் நண்டுகளோடு இங்கே இருப்பான், இந்த வீட்டில் உருப்படியாகச் சமைக்கத் தெரிந்த ஆண் அவன் ஒருத்தன்தான். நீ ஞாயிற்றுக்கிழமை அவசியம் வா. புத்தி சொல்ல வேண்டாம், சாமான் ஏற்ற ஆள் வேண்டும். வரும்போது கரும்பு ஏற்றுகிற லாரியைக் கேட்டு ஓட்டிக்கொண்டு வந்துவிடு. சக்கரத்துக்கு வைக்க எலுமிச்சம்பழம் உன் அக்கா புதிதாக வாங்கி வைத்திருக்கிறாள்.