இடதுகாலின் எடை

அந்தச் சத்தம் தராசுக்காரரின் காதில் வெகுகாலம் தங்கிவிட்டது. காய்ந்த குச்சியைத் துணிக்குள் வைத்து முறித்த மாதிரி, 'டொக்'. எடைமெஷின்களைப் பழுதுபார்ப்பது அவர் தொழில். பட்டறையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மூட்டை நிறுக்கும் பெரிய மெஷின் ஒன்றைத் திருப்பினார். மெஷின் திரும்பியது. உடம்பும் திரும்பியது. இடது முழங்கால் மட்டும் திரும்ப மறுத்துவிட்டது. அப்புறம் அந்தக் காலை நீட்டவே முடியவில்லை. பாதி திறந்த கதவு போல மடங்கியே நின்றது.

அதற்கு முந்தின வாரம் வீட்டில் வேறொரு முறிவு, சத்தமே இல்லாமல் நடந்திருந்தது. மனைவிக்குத் தலைமையாசிரியைப் பதவி. ஆனால் ஒரு பகல் முழுக்க ரயிலில் போகவேண்டிய ஊரில். டீச்சரம்மா அதைச் சோறு பரிமாறிக்கொண்டே சொன்னாள். தராசுக்காரர் "நல்லது" என்றார். அதோடு அவரிடமிருந்த சொற்கள் தீர்ந்துவிட்டன. பிள்ளைகுட்டி இல்லாத வீடு. அவளும் போய்விட்டால் மிச்சம் அவரும் மெஷின்களில் ஆடுகிற முட்களும்தான்.

டாக்டர் படம் போட்டுக் காட்டினார். தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே பிறைநிலா மாதிரி இரண்டு மெத்தைகள். உடம்பின் எடையைப் பரப்பித் தாங்குவது அவைதான். அதில் ஒன்று கிழிந்து, கிழிந்த துண்டு மூட்டின் இடுக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறது. துண்டை வெட்டியெடுத்தால் அதே எடை சின்ன இடத்தில் இறங்கும். நாளாக ஆக எலும்பு தேயும். தராசுக்காரருக்கு இது சொல்லாமலே புரிந்தது. தாங்கும் தட்டு சிறுத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா?

"வெட்டினா சீக்கிரம் நடந்துடலாம். தைச்சா மெத்தை பிழைக்கும், ஆனா மாசக்கணக்குல..."

"தைங்க டாக்டர்," என்றார் தராசுக்காரர். மாசக்கணக்கு என்ற சொல் அவர் காதில் தேனாகப் பாய்ந்தது.

தைத்தார்கள். டீச்சரம்மா கெஞ்சிக் கேட்டு, பதவியேற்கும் தேதியைத் தள்ளிப்போட்டாள். கால் மெல்ல ஆறியது. தராசுக்காரர்தான் ஆறவில்லை. தினமும் காலையில் இரண்டு சின்ன எடைமெஷின்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பாதம் ஊன்றி நிற்கவேண்டும்; தைத்த காலில் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டவேண்டும். அவர் வலப்பக்கம் சாய்ந்தே நின்றார். இடது முள் எழும்ப மனமில்லாத சோம்பேறியைப் போலப் படுத்தே கிடந்தது. டீச்சரம்மா குனிந்து பார்ப்பாள். பெருமூச்சு விட்டு அடுப்படிக்குப் போவாள். தையல் பிடித்துவிட்டதே, எடை ஏன் ஏறவில்லை என்று டாக்டர் தலையைச் சொறிந்தார். இப்படியே சாய்ந்து நின்றால் நல்ல முழங்காலும் கெடும் என்று எச்சரித்தார். கெட்டால் இன்னும் நல்லதாயிற்றே என்றுகூட ஒரு கணம் நினைத்தார் தராசுக்காரர். பிறகு வெட்கப்பட்டார்.

பள்ளியிலிருந்து கடைசிக் கெடு வந்தது. திங்கட்கிழமை சேராவிட்டால் பதவி வேறொருவருக்கு.

அன்று காலை முள்ளைப் பார்த்துவிட்டு டீச்சரம்மா சாவதானமாகச் சொன்னாள். "உங்க காலை ஏன் குறை சொல்லணும். இடது மெஷின் கெட்டுப்போச்சு."

"எது?"

"நீங்க ரிப்பேர் பண்ணினதுதான். வயசாச்சில்ல, கை முன்ன மாதிரி இல்ல. தெருமுனைக் கடைல ஒண்ணு வாங்கிட்டு வந்துடறேன்."

தெருமுனைக் கடை! அங்கே விற்கிற மெஷின் பூனையையும் யானையையும் ஒரே எடை காட்டும். தராசுக்காரரின் முதுகு நிமிர்ந்தது. இரண்டு பாதங்களையும் ஆணி அடித்ததுபோல் ஊன்றினார். இரண்டு முட்களும் துடித்து, ஆடி, ஒரே எண்ணில் வந்து நின்றன.

"நல்லாப் பாரு. அந்தப்பக்கம் முப்பத்தாறு, இந்தப்பக்கம் முப்பத்தாறு. என் மெஷினா கெட்டுப்போச்சு?"

"இல்ல. மெஷின் நல்லாத்தான் இருக்கு," என்றாள் டீச்சரம்மா.

அவர் இரண்டு முட்களையும் மறுபடி பார்த்தார். மெஷினிலிருந்து இறங்கவில்லை.

"எப்பலேருந்து தெரியும்?"

"மேல் அலமாரில இருக்கற சர்க்கரை டப்பா குறைய ஆரம்பிச்சதுலேருந்து. ரெண்டு காலும் ஊனி எக்கி நின்னாத்தானே எட்டும்? நான் கேட்டா எறும்புமேல பழி போடுவீங்க. உங்க மெஷின் சொன்னா மறுக்க மாட்டீங்க."

கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். அது முன்பே அடுக்கி, பூட்டி, கனமாக இருந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் யோசிச்சிருப்பேன்," என்றாள், பெட்டியைப் பார்த்தபடி.

"என்ன வார்த்தை?"

"அதையும் நான்தான் சொல்லித் தரணுமா? நான் டீச்சர்தான். உங்களுக்கு இல்ல."

அந்த வார்த்தை அவர் தொண்டைவரை வந்தது. முள்ளைப்போல அங்கேயே கொஞ்சநேரம் ஆடியது. பிறகு அவர் குனிந்து, பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். கனம் இரண்டு முழங்காலிலும் சமமாகத்தான் இறங்கியது.

டீச்சரம்மா அந்த ஊரிலேயே ஓய்வுபெற்று, அங்கேயே தங்கிவிட்டாள். தராசுக்காரரின் தைத்த முழங்கால் கடைசிவரை ஒருநாளும் வலிக்கவில்லை.