மூன்று மனைவிகளுக்கு ஒரு பெர்மிட்

நாலு வரி ஆங்கிலம் எழுதத் தெரிந்தவனுக்கு வக்கீலைக் கண்டால் ஓர் இளக்காரம் வந்துவிடும். எனக்கும் வந்தது, அதை மறைப்பதற்கில்லை. பினாங்கில் பீச் ஸ்திரீட் கிட்டங்கி ஒன்றில் நான் கிராணிக் குமாஸ்தாவாக இருந்த காலம் அது. சூலியா ஸ்திரீட்டில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுத்தவன் நான் (எத்தனை மனு பலித்தது என்று கேட்காதீர்கள்).

லீவில் போய்க் காரைக்கால் மாதா கோயிலில் கல்யாணம் செய்துகொண்டு, லீவு முடிந்ததும் தனியாகத் திரும்பியிருந்தேன். மனைவி பின்னால் வர வேண்டும். நான் நாகப்பட்டினத்தான், பிரிட்டிஷ் பிரஜை. காரைக்காலோ பிரெஞ்சுக்காரர் ஊர். அவள் என் மனைவிதான் என்று காகிதத்தில் நிரூபித்தால்தான் கரை இறங்கப் பெர்மிட் கிடைக்கும் என்றார்கள்.

நான் தினமும் சாப்பிடும் கடை காசிம் நானாவுடையது (நாகூர்ப் பக்கத்து முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்). விஷயத்தைக் கேட்டதும் அவர், "தம்பி, பேசாம ஒரு வக்கீல வச்சிரு லா" என்றார் (அந்த 'லா' மலாய்ப் பேச்சிலிருந்து ஒட்டிக்கொண்டது).

"நானா, நான் எழுதாத மனுவா?"

"ஊருக்கு எழுதுன. ஒம் பொஞ்சாதிக்கு எழுதுனியா?"

அவருடைய நச்சரிப்புத் தாங்காமல் பிஷப் ஸ்திரீட்டில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தேன். அவர் என் காகிதக்கட்டைப் புரட்டிவிட்டு, "கோயில் கல்யாணச் சான்று ஒண்ணு போதும். நான் அஞ்சு வரி எழுதித் தர்றேன். மத்ததெல்லாம் வீட்டுல பத்திரமா வைங்க" என்றார்.

ஐந்து வரியா! என் மனைவிக்கு வெறும் ஐந்து வரியா! எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வக்கீல் வேண்டாம் என்று அவர் நாற்காலியிலேயே முடிவு செய்துவிட்டு எழுந்து வந்தேன்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பதினொரு பக்கம் எழுதினேன். முதல் நான்கு பக்கம் சாம்ராஜ்யத்தின் பெருமை. ஐந்தாம் பக்கத்தில்தான் எனக்குக் கல்யாணமே ஆகிறது. அதோடு கோயில் சான்று, பிரெஞ்சு சர்க்காரின் பதிவு, அன்புக்கு அத்தாட்சியாக மனைவி எழுதிய கடிதம் ஒன்று, எல்லாவற்றையும் இணைத்துத் துறைமுக அலுவலகத்துக்கு அனுப்பினேன். கடிதத்தின் முன்பக்கம் முழுக்க உருக்கம். பின்பக்கத்தில் கொஞ்சம் குடும்ப விஷயம் இருந்தது. வெள்ளைக்காரனுக்குத் தமிழா தெரியப்போகிறது என்று விட்டுவிட்டேன். பதில் வருவதற்குள்ளேயே "பெர்மிட் தயார், புறப்படு" என்று தந்தியும் கொடுத்தேன். அத்தனை நம்பிக்கை!

கப்பல் வந்த அன்று காலையில் துறைமுக அலுவலகத்திலிருந்து எனக்கு ஆள் வந்தது. அங்கே ஒரு வெள்ளைக்கார அதிகாரி. அவர் பக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். மேஜைமேல் என் பதினொரு பக்கம்.

"கோயில் சான்றில் யோசேபா. பிரெஞ்சுப் பதிவில் ஜோசபின். கடிதத்தில் சூசையம்மாள். மூன்று பெண்கள்" என்றார் அதிகாரி. "மாப்பிள்ளையும் யோவான்னஸ், ழான், அருளப்பன் என்று மூன்று பேர். இதில் நீ யார்?"

எங்கள் கத்தோலிக்க வீடுகளில் இது ஒரு விஷயமே இல்லை. பாதிரியார் லத்தீனில் எழுதுவார், பிரெஞ்சு சர்க்கார் பிரெஞ்சில் எழுதும், வீட்டில் தமிழில் கூப்பிடுவார்கள். யோசேபாவுக்குத் தமிழ் சூசையம்மாள், யோவான்னஸுக்குத் தமிழ் அருளப்பன்; பெயரும் ஒன்றுதான், ஆளும் ஒன்றுதான். இதைச் சொல்லப் பதினொரு பக்கத்தில் ஒரு வரி இல்லை. வாயால் சொல்லப் பார்த்தேன். காகிதத்தில் அருவியாகக் கொட்டிய ஆங்கிலம் வாயில் ஒரு சொட்டுக்கூட வரவில்லை.

"உன் மனைவிதான் என்று உறுதியாகாவிட்டால் அவள் இதே கப்பலில் திரும்ப வேண்டியதுதான்" என்றார் அதிகாரி.

மரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் தகரப்பெட்டியும் கசங்கிய சேலையுமாக அவள் நின்றுகொண்டிருந்தாள். என் தந்தியை நம்பிக் கடல் தாண்டி வந்தவள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதிகாரி மொழிபெயர்ப்பாளரிடம் கடிதத்தை நீட்டி ஏதோ சொன்னார். அவர் அவளைப் பார்த்து, "அம்மா, இதுல என்ன எழுதியிருக்கீங்க? பாக்காம சொல்லுங்க" என்றார்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "எதச் சொல்ல? முன்பக்கமா, பின்பக்கமா?"

"பின்பக்கம்" என்றார் அந்தப் புண்ணியவான்.

"'உங்களுக்கு எழுத உக்காந்தா நிறுத்தத் தெரியாது. தலக்கனம் பாக்காம ஒரு வக்கீல வைங்க. நாம கட்டிக்கிட்டோம்னு சொல்ல ரெண்டு வார்த்தை போதும். இல்லேன்னா என்னையக் கப்பலோட திருப்பி அனுப்பிருவாங்க'ன்னு எழுதினேன்" என்றவள், என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, வக்கீல் எங்க?"

மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார் (கடைசிக் கேள்வி உட்பட). அதிகாரி என் பதினொரு பக்கத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மேஜை அதிரச் சிரித்தார். "ஒருவனுக்கு இப்படி எழுத அவன் சொந்த மனைவியால்தான் முடியும்" என்று முத்திரையை எடுத்துக் குத்தினார்.

வெட்கத்தில் என் காது எரிந்தது. ஆனாலும் சொல்கிறேன், அன்று எனக்கு வந்த பெருமை வேறெப்போதும் வந்ததில்லை. அத்தனை அந்நியர் நடுவில், கப்பல் களைப்போடு, குரல் நடுங்காமல் பேசினாளே! இவள் என் பெண்டாட்டி என்று துறைமுகம் முழுக்கக் கேட்கும்படி கத்த வேண்டும்போல் இருந்தது.

போன வருஷம் எங்கள் மூத்த மகளின் கல்யாணம். கோயில் பதிவேட்டில் எழுதுவதற்காகப் பாதிரியார் பெண்ணின் தாயார் பெயரைக் கேட்டார். "மூணுல எந்த அம்மா பேரு சாமி?" என்றாள் மணப்பெண். குடும்பமே சிரித்தது. முதலில் சிரித்தவள் என் மனைவி.

நான் எழுந்து நின்றேன். "மூணு பேரையும் எழுதுங்க சாமி. அத்தனை பேரையும் வக்கீல் வைக்காமக் கரை எறக்கினவன் நான்."