லூர்துசாமிக்குத் தெரிந்த நூறு பேர்

1994ஆம் ஆண்டு ஆழ்வார்பேட்டையில் ராக்கிங்டன் பாங்க் என்ற சீமை வங்கி தன் கிளையைத் திறந்தது. கண்ணாடிக் கதவு, ஏ.சி., கோட்டுப் போட்ட வாட்ச்மேன். அங்கே கணக்கு இல்லாதவருக்கு மயிலாப்பூரில் மரியாதை இல்லை என்று ஒரே வாரத்தில் ஆகிவிட்டது.

மேனேஜர் பரத்வாஜ், சர்க்கார் வங்கி வேலையை உதறிவிட்டு டை கட்டிக்கொண்டவர். மூன்று மாதத்தில் நூறு கணக்கு சேராவிட்டால் அவருக்கு வேலை போய்விடும். வாசலில் கூட்டம் நெரிந்தது. ஆனால் ஒரு கணக்குகூடத் திறக்க முடியவில்லை. ‘புதிய வாடிக்கையாளரை, ஓராண்டாவது கணக்கு வைத்துள்ள பழைய வாடிக்கையாளர் ஒருவர் நன்கறிவேன் என்று கையொப்பமிட்டு அறிமுகம் செய்தல் வேண்டும்’ என்பது விதி. புதுக் கிளைக்குப் பழைய வாடிக்கையாளர் ஏது?

லண்டனுக்கு ஃபாக்ஸ் போயிற்று. உலகம் முழுக்கத் தேடி, சென்னை விலாசத்தோடு ஒரே ஒருவரைக் கண்டுபிடித்தார்கள். நொச்சிக்குப்பம் லூர்துசாமி, மீன் வியாபாரி. இளவயதில் கப்பல் வேலைக்குப் போனபோது சிங்கப்பூர் கிளையில் கணக்கு ஆரம்பித்தவர்.

மறுநாள் காலை, மயிலாப்பூர் மூக்கைப் பிடித்துக்கொண்டு அவர் கடை முன்னால் வரிசையில் நின்றது.

“நீ யாருன்னே தெரியாது நைனா. தெரியும்னு எப்டி எய்தறது? தெனம் வந்து நில்லு, பேசிப் பயகு. அப்பால பாக்கலாம்” என்றார் லூர்துசாமி. மனுஷர் அவ்வளவு நாணயம்.

ரிட்டையரான ஆடிட் அதிகாரி கிச்சா பத்தே நாளில் வஞ்சிரத்தையும் வவ்வால் மீனையும் கண்ணை மூடிக்கொண்டே பிரித்துச் சொன்னார். முதல் கையெழுத்து அவருக்குத்தான் கிடைத்தது. மூன்றாம் மாதக் கடைசியில் நூறு கணக்கும் சேர்ந்தன. பரத்வாஜ் எல்லாரையும் அழைத்துக் கேசரி கொடுத்தார்.

அன்று லூர்துசாமியும் வந்தார். “சிங்கப்பூர் கணக்க இங்க மாத்திக் குடு சார்.”

“பேஷா! கணக்கை மாத்தறதுன்னா, இந்தக் கிளையில கணக்கு இருக்கறவா யாராவது, உங்களைத் தெரியும்னு கையெழுத்துப் போடணும்.”

“அதுக்கின்னா, நூறு பேரு கீறாங்களே!”

கிச்சா பேனாவைத் திறந்தார். மூடினார். “போட்டுடுவேன் சார். மீன்காரரை உங்களுக்கு எப்படித் தெரியும்னு ஆத்துல கேட்டா என்ன சொல்றது?”

மற்ற தொண்ணூற்றொன்பது வீட்டிலும் இதே கேள்வி காத்திருந்ததாம். வெட்கக்கேடு! லூர்துசாமி கேசரியைத் தொடாமல் திரும்பிப் போனார்.

பரத்வாஜ் நடந்ததை விதிப்படி லண்டனுக்குத் தெரிவித்தார். பதில் உடனே வந்தது: ‘எவரும் அறியாத ஒருவர் செய்த அறிமுகங்கள் செல்லத்தக்கவை அல்ல. நூறு கணக்குகளும் ரத்து. மூன்று நாட்களுக்குள் மறு அறிமுகம் பெறுக.’

வேறு பழைய வாடிக்கையாளர் ஏது? மறுநாள் நூறு பேரும், லூர்துசாமியை நன்கறிவோம் என்று எழுதிய தாளோடு மீன் கடை முன்னால் நின்றார்கள். முதல் ஆளாக, டையோடு பரத்வாஜ்.

லூர்துசாமி கையிலிருந்த வஞ்சிரத்தை வெட்டி முடித்துவிட்டு நிதானமாக நிமிர்ந்தார்.

“யாரு நைனா நீங்கல்லாம்? உங்களத் தெரிஞ்சவங்க யாரையாச்சும் இட்டுக்கினு வாங்க.”