எங்க காருக்குள்ள ஒரு கவுளி

அன்னிக்கு எனக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். காரைச் செம்மேட்டுக்கு ஓட்டிட்டுப் போய் மெக்கானிக்கிட்ட காட்டணும்.

இடது பக்கம் திருப்பினா "டக் டக் டக்"னு ஒரு சத்தம். நேரா போனா ஒண்ணுமில்ல. ஆனா கொல்லிமலையில நேரா போற ரோடு எங்கீங்க இருக்கு?

முதல்ல நானே வைத்தியம் பாத்தேன். போன்ல வீடியோ பாத்துட்டு டிக்கியில கிடந்த பலாக்கொட்டையெல்லாம் பொறுக்கினேன். வீல் மூடியைக் கழட்டினேன், திருப்பி மாட்டத் தெரியல. கடைசியா ஸ்டீயரிங் அடியில தேங்காயெண்ணெய் விட்டேன். சத்தம் போகல. பெடல்ல கால் வெச்சா செருப்பு வழுக்குச்சு, அவ்வளவுதான் பலன்!

கிளம்புறப்ப மாமியார் முன்சீட்டுல ஏறிட்டாங்க. "நானும் வாரேன் கண்ணு, ஊட்டுல இருந்தா மனசு ஒரு நிலையில இல்ல."

பின்சீட்டுல நாத்தனார் கவிதா. அவ மூஞ்சி தொங்கிப் போய்க் கிடந்துச்சு.

விஷயம் இதுதான். இதே மலையில திருப்புலி நாடுங்கற ஊருல இருந்து அவளைப் பொண்ணு கேட்டிருந்தாங்க. பையனை அவளுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. ஆனா அத்தைக்குக் கவுளி சொல்லணும். பல்லியைத்தாங்க நாங்க கவுளிங்கறது. கோயில்ல உக்காந்து மனசுல கேக்கணும். அது சத்தம் குடுத்தா சம்மதம்னு அர்த்தம்.

அத்தையும் போய்ப் போய் உக்காந்து பாத்தாங்க. அந்தக் கவுளி வாயே திறக்கல. பையன் ஊட்டுல பொறுமை போயிருச்சு. "இன்னிக்குள்ள பதில் சொல்லுங்க, இல்லாட்டி வேற இடம் பாக்கறோம்"னுட்டாங்க.

முதல் மேட்டு வளைவு வந்துச்சு. அத்தை பெருமூச்சு விட்டாங்க. "இந்தப் பையனுக்கே குடுத்திரலாமா, ஒண்ணும் புரியலையே சாமி!"

நான் இடது பக்கம் திருப்பினேன். டக் டக் டக்!

"கண்ணு! கேட்டியா? கவுளி!"

"அத்தை, அது வண்டி..."

பின்னாடி இருந்து தோள்ல நறுக்குன்னு ஒரு கிள்ளு! கண்ணாடியில பாத்தேன். கவிதா கையெடுத்துக் கும்பிடுறா.

"...வண்டிக்குள்ள கவுளி பூந்திருச்சுங்கத்தை"ன்னேன்.

அப்புறம் வழி பூரா விசாரணைதான்.

"பையன் நல்ல குணந்தானே?" இடது வளைவு. டக் டக்.

"குடிப்பானா?" வலது வளைவு. சத்தமே இல்ல. அத்தை பூரிச்சுப் போயிட்டாங்க.

எனக்கும் தலைக்கனம் ஏறிருச்சு. கல்யாணத் தரகர் வேலையை ஸ்டீயரிங்லயே பாக்கறோமேன்னு ஒரே பெருமை. அப்பத்தான் அத்தை குண்டைத் தூக்கிப் போட்டாங்க.

"எதுக்கும் மாத்தியும் கேட்டுருவோம். வேண்டாம்னு சொல்லிரலாமா சாமி?"

எதிர்ல பெரிய இடது வளைவு!

பதறிப்போய் ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்தேன். கிளட்ச்சை மிதிச்சா எண்ணெய்ச் செருப்பு வழுக்கிருச்சு. வண்டி ஒரு குதி குதிச்சு வளைவு நடுவுல ஆஃப்! பின்னாடி பஸ்ஸு. காது கிழியுற மாதிரி ஹாரன். டிரைவர் தலையை வெளிய நீட்டினார்.

"ஏனுங்கக்கா, நடுரோட்டுல கோலம் போடப் போறீங்களா?"

அத்தை எதையும் கண்டுக்கல. காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. "கவுளி பேசல. அப்ப வேண்டாங்கறது வேண்டாம்."

உசுரு வந்துச்சு. ஆனா வண்டியைக் கிளப்பினா மறுபடியும் சத்தம் வருமே!

"அத்தை, குடுக்கலாமான்னு இன்னொருக்கா கேட்டுக்குங்க, சீக்கிரம்!"

"குடுத்திரலாமா சாமி?"

கிளப்பினேன். டக் டக் டக்! கவிதா பின்னாடி அழுவுறாளா சிரிக்கிறாளான்னே தெரியல.

செம்மேட்டுல மெக்கானிக் அண்ணன்கிட்ட குசுகுசுன்னு சத்தத்தையும் கவுளிக் கதையையும் சொன்னேன். "வட்டம் போட்டுப் பாத்தாத்தாங்க தெரியும்"னு ஏறி உக்காந்தார். நாங்க ரெண்டு பேரும் இறங்கினோம். அத்தை முட்டி வலின்னு இறங்கவே இல்ல.

மனுஷன் ஸ்டீயரிங்கை இடது பக்கம் முழுசா ஒடிச்சு, ஷெட்டுக்கு எதிர்ல இருந்த மைதானத்துல சுத்து சுத்துன்னு சுத்தினார். டக்டக்டக்டக்டக்!

உள்ள இருந்து அத்தை குரல். "போதும் சாமி, போதும்! புரிஞ்சிருச்சு!"

வண்டி நின்ன கையோட அத்தை பையன் ஊட்டுக்கு போன் போட்டாங்க. "ஏனுங்க, எங்களுக்குச் சம்மதமுங்க!"

கவிதா என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டா. எனக்கும் கண்ணு கலங்கிருச்சு.

அத்தை போன்ல இருக்கறப்ப மெக்கானிக் அண்ணன் எனக்கு மட்டும் கேக்கற மாதிரி சொன்னார். "முன்னாடி வலது ஆக்ஸில் ஜாயின்ட்டுங்க. இடது பக்கம் ஒடிச்சா பாரம் அதுமேலதான் விழும். ரப்பர் உறை கிழிஞ்சு கிரீஸ் பூரா வெளிய போயிருச்சு. உள்ள தேஞ்சு போச்சு, ஆக்ஸிலையே மாத்திரலாம். ஆமா, உள்ள என்னங்க தேங்காயெண்ணெய் வாசம்?"

"அது... பிரார்த்தனைங்கண்ணா."

புது ஆக்ஸில் போட்டுத் திரும்பினோம். வண்டி வெண்ணெயாட்டம் போச்சு. இடது, வலது, எந்த வளைவுலயும் மூச்சில்ல. நான் சந்தோஷமா ஓட்டிட்டு வந்தேன்.

"கல்யாணத்தை ஆவணியில வெச்சுக்கலாமா சாமி?"ன்னாங்க அத்தை. இடது வளைவு. சத்தமில்ல.

"சரி, தையில?" அதுக்கும் இல்ல.

"ஏங்கண்ணு, கவுளி இறங்கிப் போயிருச்சா?"

இன்னிக்கு வரைக்கும் தேதி குறிக்கல. பழைய ஆக்ஸில் இன்னும் ஷெட்டுல கிடக்குதான்னு மெக்கானிக் அண்ணனுக்கு போன் போட்டுட்டு இருக்கேன்.