ஏழாம் நம்பர் முத்திரை

அன்பும் ஆயுளும் குறைவில்லாமல் வாழ வேண்டிய என் தம்பிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், உன் அண்ணியும் சுகம். கதவு, ஜன்னல், குழாய், அலமாரி ஆகியவை மட்டும் அவ்வளவாகச் சுகமில்லை. அந்த விவரம் கீழே வருகிறது. உன் சுகத்தைப் பற்றிப் பதில் எழுதி நீ சிரமப்பட வேண்டாம். நீ அங்கே எப்படி இருக்கிறாய் என்பது எனக்கு வாராவாரம் தெரிந்துகொண்டுதான் இருக்கிறது. எப்படித் தெரியும் என்று கேட்பாய். சொல்கிறேன், உட்கார்ந்துகொள்.

நீ போன புதிதில் எழுதிய ஒரே கடிதத்தில், "அண்ணா, இங்கயும் செக்கிங் வேலைதான், இங்கயும் அதே ஏழாம் நம்பர்தான்" என்று எழுதியிருந்தாய். நம் ஊரில் ஓடிக்கொண்டிருந்த தொழிற்சாலையைக் கழற்றிக் கப்பலேற்றியபோது, சுத்தியல் அடிக்கிற இயந்திரத்தோடும் குறடு வார்க்கிற அச்சோடும் உன்னையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போனவர்கள், நம்பரையாவது மாற்றாமல் விட்டார்களே என்று நிம்மதியாக இருந்தேன். நீ பார்த்துச் சரி என்று விடுகிற சாமானில் எல்லாம் ஒரு மூலையில் பொடியாக ஏழு என்று முத்திரை விழும் என்பது எனக்குத் தெரிந்ததுதானே. அதற்கப்புறம் உன்னிடமிருந்து கடிதமே இல்லை. போன் போட்டால், இந்த எண் உபயோகத்தில் இல்லை என்கிறாள் ஒரு பெண். ரயில் நிலைய ஒலிபெருக்கியில் காலமெல்லாம் கத்திவிட்டு ஓய்வு பெற்றவன் என்கிற முறையில் சொல்கிறேன், நல்ல குரல்தான், ஆனால் மூச்சு விடுகிற இடம் தப்பு. உன் சின்னக்காவோடு மட்டும் எப்போதாவது பேசுகிறாயாம். என்ன சொன்னான் என்று கேட்டால், "நல்லா இருக்கேன்னு சொல்லச் சொன்னான்" என்பாள். நல்லா இருக்கேன் என்று ஆள்விட்டுச் சொல்கிறவன் எவன் நன்றாக இருந்திருக்கிறான்?

இந்தக் கவலையோடு ஒருநாள் பல்பு வாங்க இரும்புக்கடைக்குப் போனேன். அங்கே ஒரு சுத்தியல் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தால் கழுத்தில் ஏழு. தம்பி, எனக்குக் கண் கலங்கிவிட்டது. பல்பை மறந்து சுத்தியலோடு வீடு வந்து, இருட்டில் உட்கார்ந்து அந்த ஏழைத் தடவிக்கொண்டிருந்தேன். சும்மா தடவிக்கொண்டிருந்தால் உன் அண்ணி என்ன நினைப்பாளோ என்று மறுநாள் காலையில் ஒரு ஆணி அடிக்கப் போனேன். நான் ஆணி அடித்து நீ பார்த்திருக்க மாட்டாய், நானும் பார்த்ததில்லை. ஓங்கி அடித்தேன், ஆணி அப்படியே இருந்தது, சுத்தியலின் தலை மட்டும் கழன்று ஜன்னல் கண்ணாடி வழியாக வெளியே போய்விட்டது. கையில் பிடி மட்டும் இருக்கிறது. சற்று நேரத்தில் எதிர்வீட்டுத் தையற்கார அம்மா தலையை முந்தானையில் ஏந்திக்கொண்டு வந்து நின்றார். "உங்க சுத்தியல் எங்க வீட்டுக்கு வந்திருக்கு சார். பிடியும் பின்னாடியே வருதா, இல்ல நான் கதவைச் சாத்திக்கவா?" என்று கேட்டார். எனக்கு அவர் பேச்சு காதில் ஏறவில்லை. தலை நிற்கவில்லையே, தம்பிக்குத் தலைசுற்றல் போலிருக்கிறதே என்றுதான் ஓடியது. சரியாகப் பார்க்கிற நிலையில் இருந்திருந்தால் இதை நீ விட்டிருப்பாயா?

அன்றிலிருந்து வாரம் ஒரு சாமான். அடுத்து வாங்கின குறட்டுக்கு வாய் மூடவில்லை. இரண்டு தாடையும் நடுவில் வழி விட்டுக்கொண்டு நிற்கின்றன. சரி, யாரோடும் ஒட்டாமல் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாய் என்று புரிந்துகொண்டேன். அதற்கடுத்த ஸ்க்ரூ டிரைவரைக் கதவுக் கீலில் வைத்துத் திருப்பினால், ஸ்க்ரூ அசையாமல் இருக்க, டிரைவர் தானே சுற்றிக்கொண்டது. சின்ன வயதில் உனக்கு இருந்த பிடிவாதமெல்லாம் எங்கே போயிற்று என்று வருத்தப்பட்டேன். ஸ்பானர் ஒன்று வாங்கிக் குளியலறைக் குழாயில் போட்டேன். அது நட்டைப் பிடிப்பது போலப் பிடித்து, நம்பிக்கை வந்த நேரத்தில் வழுக்கிக் குழாயை அடித்து, அன்று மதியம் வரை வீட்டில் செருப்புகள் மிதந்தன. உன் அண்ணி கட்டில் மேல் காலைத் தூக்கி உட்கார்ந்துகொண்டு, "உங்க தம்பி நல்லா இருக்கானோ இல்லையோ, என் வீடு நல்லா இல்ல" என்றாள். அளவு டேப் ஒன்று வந்தது. இழுத்தால் வருகிறது, விட்டால் உள்ளே போக மறுக்கிறது. கூடம் முழுக்க மஞ்சளாக நெளிந்து கிடந்தது, நான் அதன் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டேன். கிளம்பி வந்தவனுக்குத் திரும்பிப் போக வழி தெரியவில்லை என்பதை ஒருவன் இதைவிடத் தெளிவாக எழுத முடியுமா? உன் அண்ணி அதைக் கையால் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறாள்.

இரும்புக்கடைக்காரர் நல்ல மனிதர், ஆனால் மேலோட்டமாகப் பார்க்கிறவர். "சார், கம்பெனி வெளிநாட்டுக்குப் போச்சு. இரும்பைக் குறைச்சான், பாலிஷைக் கூட்டினான். எல்லா நம்பரும் இப்படித்தான் வருது, மூணாம் நம்பர் ரம்பம் வெண்ணெயைக்கூட அறுக்காது. இதுல உங்க தம்பி எங்க சார் வந்தாரு?" என்கிறார். மூணாம் நம்பருக்கு என்ன கஷ்டமோ, அவன் அண்ணன் பார்த்துக்கொள்ளட்டும். நீ இங்கே இருந்தபோது கொண்டுவந்த பழைய குறடு இன்னமும் வீட்டில் இருக்கிறது, கம்பியைக் காட்டினாலே கத்தரிக்கிறது. அதிலும் ஏழு, இதிலும் ஏழு. இரும்பை வேண்டுமானால் குறைத்திருப்பார்கள். ஆனால் குறைந்த இரும்பைக் குறைந்தது என்று சொல்லி ஒதுக்கி வைக்கத்தானே நீ இருக்கிறாய்? அதைக்கூடச் செய்யத் தோன்றாத ஒருவன் எந்த மனநிலையில் இருப்பான் என்று கடைக்காரருக்கு எப்படிப் புரியும், அவருக்குத் தம்பி கிடையாது.

கடைசியாக வாங்கியதுதான் ரசமட்டம். கொத்தனார் சுவரில் வைத்துப் பார்ப்பாரே, கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி நிற்குமே, அதுதான். இந்தக் குமிழி எங்கே வைத்தாலும் நடுவில் நிற்பதில்லை. மேஜையில் வைத்தேன், ஓரத்துக்குப் போயிற்று. தரையில் வைத்தேன், அதே ஓரம். திருப்பி வைத்தேன், சற்று யோசித்துவிட்டு மறுபடியும் வாசல் பக்கம் நகர்ந்தது. இது என்னடா என்று ஜன்னலோரம் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். மத்தியான வெயில் அந்தக் கண்ணாடிக்குள் இறங்கி, பச்சைத் தண்ணீரும் குமிழியுமாக, பார்க்கப் பார்க்க அழகாக இருந்தது. அன்றிலிருந்து மத்தியானம் எனக்கு அதுதான் வேலை. குமிழி மெல்லப் போகும், நானும் கூடவே போவேன். வீடே மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து, நாற்காலியும் நானும் பாத்திரங்களும் சத்தமில்லாமல் நகர்ந்துகொண்டிருப்பது போல இருக்கும், பயமே இருக்காது.

அப்படி ஒருநாள் ரசமட்டத்தை மார்பில் வைத்துக்கொண்டே தூங்கிவிட்டேன். கனவில் உன் தொழிற்சாலை வந்தது. நீளமான கூடம், சுவரே தெரியவில்லை, ஜன்னல்கள் மட்டும் இருக்கின்றன. சுத்தியல்களும் குறடுகளும் ஓடுகிற ஒரு பட்டையின் மேல் சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருக்கின்றன. நீ முதுகைக் காட்டி நிற்கிறாய். கை மட்டும் தானாகத் தூக்கித் தானாக முத்திரை போடுகிறது, உன் பார்வை ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது. நான் எங்கேயோ உயரத்தில் ஒலிபெருக்கி அறையில் இருக்கிறேன். "ஏழாம் நம்பர் கவனிக்கவும், உங்கள் வண்டி வந்து நிற்கிறது" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வண்டியும் உண்மையில் நிற்கிறது, பெட்டிகளில் விளக்கு எரிகிறது, யாரும் ஏறவில்லை. நீ திரும்பவே இல்லை. நான் குரலை உயர்த்தினேன். உன் அண்ணி வந்து உலுக்கி, "எந்த வண்டியும் வரல, எழுந்திருங்க, தெருவுல ரெண்டு பேர் பெட்டியோட நின்னு மேல பார்க்கறாங்க" என்றாள். எழுந்து முகம் கழுவிக்கொண்டு நேரே உட்கார்ந்து உன் மேனேஜருக்கு எழுதினேன்.

ரசமட்டம் வந்த பெட்டியில் விலாசம் இருந்தது. 'உங்களிடம் செக்கிங்கில் இருக்கும் ஏழாம் நம்பர் என் தம்பி. அவன் நன்றாக இல்லை, சாமானைப் பார்த்தாலே தெரிகிறது. அவனை ஒரு மாதம் விடுப்பில் என்னிடம் அனுப்பி வைக்கவும், ஆளைத் தேற்றி அனுப்புகிறேன்' என்று எழுதினேன். உன் பெயரைக் குறிப்பிடவில்லை. ரயிலுக்கு ஆயிரம் பெயர் வைத்தாலும் எண்ணைச் சொன்னால்தான் ஜனம் தப்பான வண்டியில் ஏறாது, என் அனுபவம் அது. நேற்று மேனேஜரே போன் செய்துவிட்டார். புதிதாக வந்தவராம், நம் பக்கத்துத் தமிழர்தான், குரலில் மரியாதை இருந்தது. நான் 'வணக்கம்' என்றதும் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார் என்று நினைக்கிறேன், கொஞ்சம் தூரத்திலிருந்துதான் பேசினார்.

"நீங்க எழுதினது நூத்துக்கு நூறு சரி சார். கொஞ்ச காலமாவே எதையும் பார்க்காம எல்லாத்துக்கும் முத்திரை போட்டு விட்டுடறாரு. திட்டறதா, டாக்டர்கிட்ட அனுப்பறதான்னு யோசிச்சிட்டிருந்தேன். அப்பத்தான் உங்க கடுதாசி."

"கூப்பிட்டுச் சொன்னீங்களா?"

"சொன்னேன் சார். உங்க அண்ணன் வரச்சொல்லி எழுதியிருக்கார்னேன். கையில இருந்த முத்திரையைக் கீழ வச்சாரு. அப்புறம் 'எனக்கா?'ன்னு கேட்டாரு. ஆமா, ஏழாம் நம்பர்னு போட்டிருக்கு, உங்களுக்குத்தான்னேன். அழுதுட்டாரு சார். வேற எதுவுமே கேக்கல. எந்த ஸ்டேஷன்ல இறங்கணும்னு மட்டும் கேட்டு எழுதிக்கிட்டாரு."

எனக்கா என்று கேட்டாயாமே! உனக்கில்லாமல் வேறு யாருக்குடா? எந்த ஸ்டேஷன் என்று கேட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அண்ணன் ஆயுசு முழுக்க உட்கார்ந்திருந்த ஸ்டேஷன் மறந்துபோகிற அளவுக்கா உன்னைக் கசக்கிப் போட்டிருக்கிறார்கள்? போகட்டும். இந்த மாதக் கடைசி வியாழக்கிழமை சாயங்கால வண்டியில் வருகிறாய் என்று முடிவாகிவிட்டது. உன் அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. அலமாரி நானே மாட்டினேன், உன் சாமான்களைக் கொண்டுதான். ஆகையால் அதில் உருண்டையாக எதையும் வைக்காதே. கட்டிலில் புரண்டு படுத்தால் சத்தம் வரும், புரளாமல் படு. உன் அண்ணி புதுப் போர்வை எடுத்து வைத்திருக்கிறாள். "வந்ததும் கேள்வி கேட்டுத் தொளைக்காதீங்க, முதல்ல தூங்கட்டும்" என்று எனக்குக் கட்டளை. நீ தூங்கும்போது நான் வாசலில் உட்கார்ந்து யாரையும் பேசவிடாமல் பார்த்துக்கொள்கிறேன்.

கடலும் காற்றும் உனக்கு வழிவிட்டு, பெட்டி தொலையாமல், தலைசுற்றல் இல்லாமல், நல்லபடியாக வந்து சேர நானும் அண்ணியும் மனசார வாழ்த்துகிறோம். தையற்கார அம்மாவும் விசாரித்தார், தன் வீட்டு ஜன்னலைச் சாத்திவிட்டு.

இப்படிக்கு,
வண்டி வருவதற்கு வெகுமுன்னே பிளாட்பாரத்தில் நிற்கப்போகும்,
உன் அண்ணன்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிய பிறகு உன் சின்னக்கா வந்தாள். நீ வியாழக்கிழமை வருவதைச் சொன்னேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்து உன் அண்ணி தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். போய்ச் சேர்ந்த சில மாதங்களிலேயே நீ அந்த வேலையை விட்டுவிட்டாயாம், ஒரு படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிறாயாம், நன்றாகச் சாப்பிட்டுப் பழைய சட்டை எதிலும் பொத்தான் போட முடியவில்லையாம். "அண்ணன் சொல்லி வாங்கிக் கொடுத்த வேலையை விட்டேன்னு தெரிஞ்சா, போன்லயே ஊர் முழுக்கக் கேக்கற மாதிரி திட்டுவார்னு பயந்தான்" என்றாள். நல்லது. பொத்தானைத் தள்ளி வைத்துத் தைத்துக்கொள். உன் மேல் எனக்குக் கோபமில்லை. கோபப்பட இப்போது நேரமும் இல்லை. நீ விட்டுப்போன ஏழாம் நம்பரை அடுத்து வந்த ஒருவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். இத்தனை நாளும் நான் தடவித் தடவிக் கவலைப்பட்டது அவனுக்காகத்தான். அவன்தான் வருகிறான். உடனே மேனேஜருக்குச் சொல்லி நிறுத்திவிடலாம் என்று போனை எடுத்தேன். உன் அண்ணி வாங்கிக் கீழே வைத்துவிட்டாள். "எனக்கான்னு கேட்டு அழுத ஆள்கிட்ட, இல்ல உனக்கில்லைன்னு யாரு சொல்லப்போறா? நீங்களா?" என்றாள். என்னால் முடியாது. உறையைப் பிரித்து இதை எழுதி, உன் சின்னக்கா கொடுத்த புது விலாசத்துக்கு அனுப்புகிறேன். நீ பழகின ஆட்கள் யாராவது அங்கே இன்னும் வேலையில் இருப்பார்கள், விசாரித்து ஒரே ஒரு உதவி செய். அவன் பெயர் என்ன என்று வியாழக்கிழமைக்குள் எழுது. வண்டியிலிருந்து இறங்கி என்னைத் தேடி நிற்கிறவனை, ஏழாம் நம்பர் என்று கூப்பிட எனக்கு வாய் வராது.