முப்பதடிக்குள் யாரும் வரக்கூடாது

"அண்ணே, மறுபடியும் மைனா உக்காந்திருக்கு!"

போடியில் தன் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தபடி சூர்யகலா போனில் கத்தினாள். சிலமலையில், தன் மொச்சைக் காட்டில் நின்ற ஜக்கையன் அண்ணாந்து பார்த்தார். பத்து மீட்டர் கம்பத்தின் உச்சியில், காற்றை அளக்கும் கருவியின் மேல் மைனா ஒன்று சாவகாசமாகச் சிறகு கோதிக்கொண்டிருந்தது.

"அங்கன இருந்து எப்பிடித் தாயி பாத்த?"

"கருவி காட்டிக்கொடுக்குதுண்ணே. வெரசா விரட்டுங்க."

புயல் கரையைக் கடக்கும்போது தரையை ஒட்டிய காற்று எப்படிக் கலங்கிப் புரள்கிறது என்பது சூர்யகலாவின் மூன்று வருட ஆராய்ச்சி. கடற்கரையில் மூன்று கம்பங்கள் நட்டாயிற்று. உள்ளே வரும் காற்று ஏலமலைச் சரிவில் மோதி என்ன ஆகிறது என்று பார்க்க நாலாவது கம்பம் இது. காவல், ஜக்கையன். புயல் கிளம்பிவிட்டது, இன்னும் மூன்று நாள்தான். இதைத் தவறவிட்டால் அடுத்த புயலுக்காக வானத்தைப் பார்த்து உட்கார வேண்டியதுதான்.

ஜக்கையன் அன்றைக்கே மைனாவுக்கு வழி செய்தார். கம்பத்தின் பக்கத்திலேயே உயரமாக ஒரு மூங்கிலை நட்டு, தன் பழைய சட்டையை மாட்டிப் பொம்மை கட்டினார். மைனா ஓடிவிட்டது. சட்டை படபடத்ததில் கருவிக்கு ஒரே குழப்பம்.

"பொம்மையை எடுங்கண்ணே!"

எடுத்தார். மைனா சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தது. ஜக்கையன் கம்பத்தடியில் உட்கார்ந்து தகரத்தைத் தட்ட ஆரம்பித்தார். என்ன விசேஷம் என்று கேட்டு அரை ஊர் கூடியது. கூட்டத்தைத் தடுக்க, கம்பத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்குப் பச்சை வலை கட்டினார். இப்போது வலை காற்றைத் தடுத்தது.

அன்று மாலை சூர்யகலா ஏலத்தோட்ட ஜீப்பில் தொற்றிக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டாள். வலையைப் பிரித்துப் போட்டாள். கம்பத்தை இழுத்துக் கட்டிய நாலு கயிற்றையும், அவற்றுக்காகத் தரையில் அடித்த முளைகளையும் சேர்த்துச் சுண்ணாம்புத் தூளால் பெரிய வட்டம் போட்டாள்.

"இந்த முப்பதடிக்குள்ள யாரும் வரக்கூடாது. ஆள் நின்னாலே அளவு கெட்டுப்போகும்."

"கம்பம் சாஞ்சா?"

"சாஞ்சா சாயட்டும். முக்கியமா நீங்க வரக்கூடாது."

"என்னமோ எனக்கு வேற சோலியே இல்லாத மாதிரி!" என்றார் ஜக்கையன். "புயலன்னைக்கு நான் கம்பளியப் போத்தித் தூங்கப்போறேன்."

புயல் அதிகாலையில் கரையைக் கடந்தது. காலை எட்டு மணிக்குள் கடற்கரைக் கம்பங்கள் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. போடியில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த சூர்யகலாவுக்கு அழுகை வந்தது. பத்தரைக்குக் காற்று சிலமலைக்கு வந்தது.

அவள் அழுகையை மறந்தாள். சமவெளியில் ஓடிவந்த காற்று மலையில் மோதி, ஏற வழியில்லாமல் திரும்பி, பின்னால் வந்த காற்றோடு கட்டிப் புரண்டது. ஒரு நொடி மேலிருந்து கீழே, மறுநொடி கீழிருந்து மேலே. பிறந்ததிலிருந்து பார்த்த மலைதான். அதன் காலடியில் இத்தனை பெரிய ஆட்டம் நடக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. கை தானாகக் கும்பிட்டது. அப்போது சிக்னல் போய்விட்டது.

மறுநாள், விழுந்த மரங்களை அறுத்து வழிவிட்டதும் ஓடினாள். வாழை, முருங்கை எல்லாம் படுத்துக் கிடந்த காட்டில் கம்பம் மட்டும் நிமிர்ந்து நின்றது. மழையில் வட்டம் கரைந்திருந்தது.

ஜக்கையன் இடுப்பைப் பிடித்தபடி வந்தார்.

"என்னண்ணே ஆச்சு?"

"தூங்கித் தூங்கி இடுப்பு பிடிச்சுக்கிச்சு தாயி."

காவலுக்கு வைத்த ஆள் நிஜமாகவே தூங்கியிருக்கிறார் என்று அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் கம்பத்தடிப் பெட்டியில் கருவி சேமித்திருந்த பதிவைத் திறந்ததும் அந்தக் கோபம் பறந்துவிட்டது. பதினொன்று பத்துக்குத் திடீரென்று ஒரு நுண்ணிய நடுக்கம் ஆரம்பித்திருந்தது. நொடிக்கு எட்டு தடவை. காற்று சீறினாலும் அடங்கினாலும் அது மட்டும் ஒரே சீராக, மத்தியானம் ஒன்றரை மணி வரை விடாமல் ஓடியது.

தன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியர் பாண்டியராஜுக்கு அந்தப் பதிவைப் படம் எடுத்து அனுப்பினாள். அடுத்த நிமிடமே அழைத்தார்.

"முப்பது வருசமா காத்தை அளக்கறேம்மா, இப்படி ஒண்ணைப் பார்த்ததில்லை. எனக்கு உடம்பு சிலிர்க்குது. 'ஏலமலை நடுக்கம்'னு பேர் வெச்சுடுவோமா?"

"அண்ணே, கேட்டீங்களா? உலகத்துல யாருமே பாக்காத நடுக்கம்!"

ஜக்கையன் மலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

காபியோடு வந்த அவர் மனைவி அய்யம்மாள் டம்ளரை நீட்டியபடி சொன்னாள்: "அது காத்தோட நடுக்கம் இல்ல தாயி, கெழக்கால முளை பிடுங்கிக்கிட்டு வந்துருச்சுன்னு, காத்து அடங்குற வரைக்கும் இந்த மனுசன் அந்தக் கயித்த இடுப்புல கட்டிக்கிட்டு மழைக்குள்ள உக்காந்திருந்தாரு, நடுங்குனது இவருதேன்."